திரையின் குறையைப் படத்தில் திருத்தாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் என்னிடம் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பகுதி ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கிவிடும். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் இருண்டுவிட்டது என்பது ஒன்று. ஃபோட்டோஷாப்பில் ஒரு நிறமும் மற்ற மென்பொருளில் வேறொரு நிறமும் தெரிகின்றன என்பது மற்றொன்று. பழி முதலில் கேமராவின் மீதும் பிறகு படத்தை அச்சிட்டுத் தரும் லேபின் மீதும் விழுகிறது. திரையை யாரும் சந்தேகிப்பதில்லை.

அச்சு இருண்டுவிடுவதற்கான காரணம் எளிது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது; தன்மீது விழும் ஒளியைத்தான் அது திருப்பித் தருகிறது. அச்சுக்கான வேலைக்குத் திரையின் வெள்ளை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) வரை இருந்தால் போதும் என்பது தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கடைகளில் கிடைக்கும் சாதாரண மானிட்டர்கள் பலவும் 250 கேண்டெலாவுக்கு மேல் ஒளிரக்கூடியவை. தெருவைப் பார்த்த முன்னறையில் இயங்கும் ஸ்டுடியோக்களில், பகல் வெளிச்சத்தை ஈடுகட்டுவதற்காக பிரைட்னஸை முழுவதுமாக ஏற்றிவைத்துக்கொண்டு, அந்தத் திரையில் கண்ணுக்கு இதமாகும்வரை படத்தை மங்கச் செய்கிறார்கள். அச்சில் மணமகளின் பின்னலும் மாப்பிள்ளையின் கோட்டும் ஒரே கருந்திட்டாகிவிடுகின்றன. ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் அமையும்படி மேசையைத் திருப்புங்கள். லேபிலிருந்து நன்றாக வந்த ஒரு பழைய பிரிண்டை வெள்ளை விளக்கின் கீழ் திரைக்கு அருகில் பிடித்து, அதே கோப்பைத் திறந்து, இரண்டும் ஒத்துவரும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அதுவரை கோப்பைத் தொடவே கூடாது.

இரண்டாவது புகார் சற்று நுட்பமானது. ஃபோட்டோஷாப் படத்தின் எண்களை அப்படியே திரைக்கு அனுப்புவதில்லை. விண்டோஸில் அந்த மானிட்டருக்கென்று பதிவாகியிருக்கும் கலர் ப்ரொஃபைலின் (அந்த மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் கோப்பின்) வழியாக மாற்றியே காட்டுகிறது. அந்த ப்ரொஃபைலைப் பொருட்படுத்தாத மென்பொருள்களும் உண்டு. ஆகவே ப்ரொஃபைல் பழுதானாலோ, வேறொரு மானிட்டருக்கு உரியதாக இருந்தாலோ, அவற்றில் சரியாக இருக்கும் நிறம் ஃபோட்டோஷாப்பில் திரிந்து தெரியும். ஃபோட்டோஷாப்பில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது மஞ்சளாகத் தெரிந்து, பிற இடங்களில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் ப்ரொஃபைலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, பொதுவான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைச் சேர்த்து அதையே இயல்பு ப்ரொஃபைலாக (டீஃபால்ட்) அமைத்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். மஞ்சள் மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இது காரணத்தைக் கண்டறியும் சோதனைதானே தவிர, நிரந்தரத் தீர்வு அன்று. அதற்கு முன்பே, மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இயங்கினால் திரை முழுவதுமே மஞ்சளாகும்.

நிறம் திடீரென்று வெளிறிவிட்டதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கண்ட்ரோலும் ஒய்யும் அழுத்தினீர்களா என்பதுதான். பல மென்பொருள்களில் அது, நீக்கிய மாற்றத்தை மறுபடி கொண்டுவரும் ரீடூ. ஃபோட்டோஷாப்பிலோ அச்சு மையில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் ப்ரூஃப் கலர்ஸை இயக்கும் விசை. மறுபடி அழுத்தினால் நிறம் திரும்பிவிடும். இதை அறியாமல் சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, ஏற்றி அனுப்பிய ஆல்பங்களில் குங்குமம் நெற்றியில் தீயாக எரிவதைக் கண்டிருக்கிறேன்.

எச்டிஎம்ஐ வழியாக இணைத்த திரையில் கருப்பு சாம்பலாகத் தெரிந்தால், கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் அவுட்புட் ரேஞ்ச் முழு அளவான 0 முதல் 255 வரை இருக்கிறதா, அல்லது டிவிக்கு உரிய 16 முதல் 235 வரை குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கவனிக்காமல் படத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால், அச்சில் தலைமுடியின் இழைகள் தொலைந்துபோகும்.

கோப்பின் ப்ரொஃபைலும் முக்கியம். 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி, 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் உருவாக்கிய எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறப்பரப்பு கொண்டது. கேமராவில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும் லேபுக்கு அனுப்பினால் நிறம் வெளிறியே வரும். அனுப்புமுன் கன்வர்ட் டு ப்ரொஃபைல் கொடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அசைன் ப்ரொஃபைல் எண்களை அப்படியே விட்டு அவற்றின் பொருளை மட்டும் மாற்றுவதால், இந்த இடத்தில் அது கெடுதலே செய்யும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் மனிதரின் தோல் நிறம். வெள்ளையில் நீலம் பாய்ந்த திரையில் உட்கார்ந்து வேலை செய்பவர், நம் பகுதி மக்களின் இயல்பான அழகிய மாநிறத்தைச் சோகையாகக் கண்டு மஞ்சளை ஏற்றுகிறார். அச்சில் குடும்பமே காமாலை கண்டதுபோல நிற்கிறது. மானிட்டரின் கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வினில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வேட்டியின் மீது கர்சரை வைத்து இன்ஃபோ பேனலைப் பாருங்கள்; சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் ஏறக்குறைய சமமாக இருந்தும் வேட்டி நீலமாகத் தெரிந்தால், குறை திரையில்தான். துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் பார்த்துப் பார்த்து எடுத்த அரக்குச் சேலையை ஆல்பத்தின் மேல் விரித்து ஒப்பிடும் தாய்மார்கள் இங்கே உண்டு. அவர்களுடைய கண் மிகக் கூர்மையானது.

கண்ணால் செய்யும் சரிபார்ப்புக்கு எல்லை உண்டு என்பதால், திரையின் மேல் வைத்து அளந்து ப்ரொஃபைல் தயாரிக்கும் காலிபிரேட்டர் கருவி தேவை. தனியாக வாங்கச் சுமை என்றால், அருகருகே உள்ள ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வாங்குமுன், பல கம்ப்யூட்டர்களில் பயன்படுத்த அதன் மென்பொருள் உரிமம் இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரை எரியத் தொடங்கி அரை மணி நேரம் கழித்தே அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளவெடுப்பது நல்லது. திரை சீரான பிறகு, முன்பு திருத்திவைத்த ஆல்பம் எதையும் மறு அச்சுக்கு அப்படியே அனுப்பிவிடாமல், ஒவ்வொரு பக்கத்தையும் சீரான திரையில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.