இயக்க நரம்பணு எந்த வேகத்தில் துடிக்கும்?

1951-இல் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் நரம்பியல் ஆய்வாளர் ஜான் எக்கல்ஸ் தன் சகாக்கள் இருவருடன் சேர்ந்து, ஒரு பூனையின் தண்டுவடத்துக்குள் கண்ணாடி மின்முனை ஒன்றை இறக்கினார். அதன் நுனி ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் செல்தான் இயக்க நரம்பணு. நுனி அதன் சவ்வைத் துளைத்ததும், திரையில் மின்னழுத்தத்தைக் காட்டும் கோடு சட்டென்று கீழே விழுந்தது. வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவு. நரம்பணுவைத் தூண்டினால் கோடு ஓரிரு மில்லிநொடிக்கு மேலே பாய்ந்து விழும். விழுந்த கோடு பழைய இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கி, 100 மில்லிநொடி அளவுக்கு அந்தப் பள்ளத்திலேயே கிடந்து, மெல்ல ஏறி வரும். அந்தப் பாய்ச்சலைவிட இந்தப் பள்ளம்தான் என்னை ஈர்க்கிறது.

முதலில் பாய்ச்சல். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்வில் பதிந்திருக்கும் புரதத் துளைகளான அயனிக் கால்வாய்கள் வழியாகத்தான் இவை கடக்க முடியும். நரம்பணுவின் நீண்ட வால் புறப்படும் இடத்தில் சோடியம் கால்வாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. மின்னழுத்தம் கொஞ்சம் உயர்ந்தாலே அவை திறந்து, மில்லிநொடிக்குள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். பின்னாலேயே பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடும். இந்தத் துடிப்புதான் கால் விரல் தசை வரை ஒரு மீட்டர் தூரம் ஓடுகிறது.

சரி, பள்ளம் எப்படி வருகிறது? ஒவ்வொரு துடிப்பின்போதும் கொஞ்சம் கால்சியமும் உள்ளே வருகிறது. அதைக் கண்டால் திறக்கும் ஒருவகைப் பொட்டாசியம் கால்வாய் இருக்கிறது, எஸ்கே என்பார்கள். அது மின்னழுத்தத்தைப் பொருட்படுத்தாது. கால்சியம் வெளியேற்றப்படும் வரை திறந்தே இருக்கும், அதுவரை செல் அடுத்த துடிப்புக்கு எளிதில் மசியாது. தேனீ விஷத்தில் உள்ள அபமின் இந்தக் கால்வாயை அடைத்துவிடும். அதைச் செலுத்தினால் பள்ளம் சுருங்கிவிடும், நரம்பணு படபடவென்று துடிக்கும்.

1958-இல் எக்கல்ஸ் குழு இன்னொன்றையும் கவனித்தது. நிற்கும்போது மணிக்கணக்கில் உழைக்கும் மெதுவான தசைகளுக்குப் போகும் நரம்பணுக்களில் பள்ளம் நீளம். வேகமான தசைகளுக்குப் போவதில் குட்டை. மெதுவான தசை ஒருமுறை சுருங்கி விரியவே அதிக நேரம் எடுக்கும் என்பதால், அதற்கு நொடிக்குப் பத்து சொச்சம் துடிப்பு போதும். அதற்கு மேல் அனுப்புவதில் பெரிய லாபம் இல்லை. தசையின் வேகமும் நரம்பணுவின் வேகமும் இப்படிப் பொருந்திப்போவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதுவரை பார்த்தது பிரேக். ஆக்ஸிலரேட்டரும் உண்டு. 1980-களில் டென்மார்க்கில் ஹல்ட்போர்ன், ஹவுன்ஸ்கார்ட் ஆகியோரின் சோதனைகளில், பூனையின் நரம்பணுவைச் சிறிது நேரம் தூண்டி நிறுத்திய பிறகும் அது தொடர்ந்து துடித்தது. நரம்பணுவின் கிளைகளில் உள்ள ஒருவகைக் கால்சியம் கால்வாய், சீக்கிரம் மூடாமல் மின்னோட்டத்தை விட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம். மனிதரிலும் இதன் சாயல் தெரியும்: குதிகால் நாணில் அதிர்வுக் கருவியை வைத்து எடுத்த பிறகும் சிலருக்குக் கெண்டைக்கால் தசை சிறிது நேரம் இறுகியே நிற்கும். ஆனால் இந்த வசதி சும்மா கிடைப்பதில்லை. மூளைத்தண்டிலிருந்து செரடோனின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் வந்துகொண்டிருந்தால்தான் அந்தக் கால்வாய்கள் தாராளமாகத் திறக்கும். தூங்கும்போது அந்த வரத்து குறையும், அதோடு நரம்பணுவின் உற்சாகமும் இறங்கும்.

தண்டுவடம் அறுபட்டால் அந்த வரத்து நின்றுபோகிறது. முதல் சில வாரங்கள் கால் துவண்டு கிடக்கும். அப்புறம் நிலைமை தலைகீழ்: போர்வை உரசினால்கூடக் கால் வெடுக்கென்று இழுத்து இறுகும். 2010-இல் எலிகளில் இதற்கான ஒரு காரணம் தெரிந்தது. செரடோனினுக்காகக் காத்திருந்த ஏற்பிகள் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்), அது வராமலேயே தாமாக இயங்க ஆரம்பித்து, கால்சியம் கால்வாய்களை மறுபடி திறந்துவிடுகின்றன. அணைக்க வேண்டிய மூளையின் கட்டளைதான் வந்து சேராது.

இயக்க நரம்பணுக்கள் அழிந்து தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயில், அவை சாவதற்கு முன்பே அளவுக்கு மீறித் துடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இந்த நோய்க்கு அமெரிக்கா 1995-இல் அனுமதித்த ரிலுசோல் என்ற மருந்து, மூடாமல் கசியும் சோடியம் மின்னோட்டத்தைக் குறைக்கும்; ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. பொட்டாசியம் கால்வாயைத் திறந்து வைக்கும் ரெட்டிகபின் என்ற வலிப்பு மருந்தையும் இந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். நரம்பணுக்களின் துடிப்பு அடங்கியது என்று 2021-இல் முடிவு வெளியானது. நோய் மெதுவாகிறதா என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனை நீளவில்லை. தோலை நீலமாக்கும் பக்கவிளைவும் அந்த மருந்துக்கு உண்டு. 2017-லேயே அது சந்தையிலிருந்து போய்விட்டது.