கைமாறாக் கருவி: ‘உணர்திறன் மிக்க உபகரணம்’ ஏன் தப்பு

முந்தாநாள் ராத்திரி திருவல்லிக்கேணி வீட்டுல அப்பாவோட உட்கார்ந்து டிவி பார்த்துட்டு இருந்தேன். 2021ல காபூல் அமெரிக்க எம்பஸிய காலி பண்ணினத பத்தி ஒரு டப்பிங் டாக்குமென்டரி ஓடிச்சு. பின்னணிக் குரல் சொல்லுது, "தூதரகத்தில் இருந்த உணர்திறன் மிக்க பாதுகாப்பு உபகரணங்கள் அப்புறப்படுத்தப்பட்டன". அப்பா ஃபயர் அலாரம் மாட்டுற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர். "ஏண்டா, உயிர் தப்பிச்சு ஓடுற நேரத்துல ஸ்மோக் டிடெக்டரயா கழட்டிட்டு இருப்பாங்க?"ன்னு கேட்டார். அவர் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. உணர்திறன் மிக்க கருவின்னா புகைய உணரும், சூட்ட உணரும், ஆள் நடமாட்டத்த உணரும், தமிழ் தெரிஞ்ச யாரும் அப்படித்தான் எடுத்துப்பாங்க. இந்த மொழிபெயர்ப்ப செய்தியில, சப்டைட்டில்ல, கட்டுரையில பார்த்து பார்த்து அலுத்துப் போச்சு, அதனால இன்னிக்கு எழுதியே தீரணும்னு உட்கார்ந்துட்டேன்.

மூலச் சொல் சென்சிட்டிவ். லத்தீன்ல சென்டீரேன்னா உணர்றது, அதுல இருந்து வந்தது, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. உணர்வு உள்ள, சட்டுனு பாதிக்கப்படுற, ஜாக்கிரதையா கையாள வேண்டிய அப்படின்னு அர்த்தம் விரிஞ்சுகிட்டே போய், அரசாங்க ரகசியம் சம்பந்தப்பட்டதுங்கற அர்த்தம் இருபதாம் நூற்றாண்டுலதான் ஒட்டிகிச்சு. அகராதியில முதல் வரியில இருக்கற ‘உணர்’ங்கறத மட்டும் பிடிச்சுகிட்டு கடைசி அர்த்தத்துக்கும் அதையே மாட்டி விடறதுதான் இங்க நடக்கற கோளாறு.

நம்ம ஊர்லயே இத ஒழுங்கா செஞ்சிருக்காங்க. எலெக்‌ஷன் வந்தா ‘பதற்றமான வாக்குச்சாவடி’ன்னு பேப்பர்ல வருது இல்ல, அதுவும் இங்கிலீஷ்ல சென்சிட்டிவ்தான். யாராவது உணர்திறன் மிக்க வாக்குச்சாவடின்னு எழுதினாங்களா? அங்க என்ன பிரச்சனைன்னு யோசிச்சு ஒருத்தர் பதற்றம்னு வச்சார், ஜனங்களுக்கும் உடனே புரிஞ்சது. பல்லுக்கு வந்தா பல் கூச்சம். ஆளுக்கு வந்தா தொட்டாச்சிணுங்கி. ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு தமிழ்ல மூணு வார்த்தை, மூணும் தன் தன் இடத்துல கச்சிதமா உட்காருது. எம்பஸி கருவிக்கு மட்டும் அந்த யோசனைய செய்ய யாருக்கும் நேரம் இல்லாம போச்சு.

சரி, எம்பஸிய விட்டுக் கிளம்பும்போது உண்மையில என்னதான் பண்றாங்க? எடுத்துட்டுப் போக முடிஞ்சத எடுத்துட்டுப் போறாங்க, முடியாதத அடுத்தவனுக்கு உபயோகப்படாதபடி நாசம் பண்றாங்க. செய்திய சங்கேதமா மாத்தற மெஷின் இருந்தா முதல்ல அதுக்குள்ள இருக்கற, சங்கேதத்த பூட்டித் திறக்கற சாவிக் குறிய அழிக்கணும், அதுக்கு இங்கிலீஷ்ல பூஜ்யம் ஆக்கறதுன்னே ஒரு வினை இருக்கு, தமிழ்ல சுழியமாக்குன்னு தாராளமா சொல்லலாம். பேப்பர்னா என்எஸ்ஏங்கற அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை கணக்குப்படி 1 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் துணுக்கா ஆகணும். காந்தத்த வச்சு பழைய ஹார்ட் டிஸ்க்க அழிச்சிடலாம், சிப்புல சேமிக்கற எஸ்எஸ்டில அது பலிக்காது, பொடிப்பொடியா அரைக்கணும். இந்த அளவுக்கு ஏன் மெனக்கெடறாங்கன்னா 1979 நவம்பர் 4 அன்னிக்கு தெஹ்ரான்ல அமெரிக்க எம்பஸிய பிடிச்சப்ப உள்ள இருந்தவங்க காகிதத்த நீள நீள கீற்றாதான் வெட்டி இருந்தாங்க, அந்தக் கீற்றுகள ஈரான்காரங்க பொறுமையா அடுக்கி ஒட்டி, தொகுதி தொகுதியா புத்தகமாவே போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி 1968 ஜனவரியில வடகொரியா பியூப்லோங்கற அமெரிக்க உளவுக் கப்பல பிடிச்சப்பவும் இதே கதைதான், கோடாலியும் சுத்தியலும் வச்சு உடைச்சு மாளல, சங்கேத மெஷின்கள் வடகொரியா கைக்கே போயிடுச்சு.

இதுல எந்த இடத்துலயாவது உணர்றதுங்கற பேச்சு வருதா? கருவி எதையும் உணரல. அது எதிராளி கையில சிக்கக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். காபூல்ல அந்த வார்த்தை பொருந்தற இடம் ஒண்ணே ஒண்ணு உண்டு. 2021 ஆகஸ்ட் 17 அன்னிக்கு நம்ம இந்திய எம்பஸி ஆட்கள விமானப்படை சி-17ல கூட்டிட்டு வந்தப்ப, காவலுக்கு இருந்த இந்தோ-திபெத் எல்லைப் போலீசோட மாயா, ரூபி, பாபின்னு மூணு மோப்ப நாய்ங்களும் பத்திரமா வந்து சேர்ந்துச்சு. அந்த மூணுக்கும் உணர்திறன் மிக்கதுன்னு சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன்.

இப்ப தனித்தமிழ் பக்கம் வர்றேன், ஏன்னா எனக்கு நிஜமான வழக்கு அங்கதான். அவங்க வைக்கற சொல் ‘கமுக்கக் கருவி’. கமுக்கம் நல்ல சொல், எனக்குப் பிடிச்ச சொல், "ஆள் கமுக்கமா இருக்கான்"னு பேச்சுலயும் இருக்கு. அரசு ஆபீஸ் கவர் மேல எழுதற ‘மந்தணம்’ கூட வேண்டாம், அது வடமொழி, கமுக்கமே போதும்னு அவங்க வாதம். இன்னும் சிலர் மறைன்னு ஆரம்பிக்கறாங்க, அதுக்கு வள்ளுவர் சாட்சியே இருக்கு, "அறைபறை அன்னர் கயவர்தாம் தாம்கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்", 1076ஆவது குறள், அங்க மறைன்னா ரகசியம்தான், வேதம் இல்ல. அழகு, பழமை, தூய்மை எதுலயும் குறை சொல்ல முடியாது. ஆனா பொருள் பொருந்தணுமே! காபூல்ல கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அமெரிக்க எம்பஸி ஊழியர்களுக்குப் போன அறிக்கையில அழிக்க வேண்டிய பட்டியல்ல எம்பஸி சின்னம் போட்ட சாமான், அமெரிக்கக் கொடி எல்லாம் இருந்துச்சு, அத வச்சு எதிராளி பிரச்சாரம் பண்ணிடுவான்னு. கொடியில என்ன கமுக்கம் இருக்கு, ஊருக்கே தெரியற மாதிரி கம்பத்துல பறந்தது அது. இன்னும் கொடுமை, விசாவுக்காக ஜனங்க கொடுத்து வச்சிருந்த பாஸ்போர்ட்டயும் அழிச்சாங்க, 2023ல சூடான் கார்ட்டூம்லயும் அதுவே நடந்துச்சு. பாஸ்போர்ட் ரகசியம் இல்ல. ஆனா அதுல பேரும் போட்டோவும் இருக்கு, தப்பான ஆள் கையில கிடைச்சா அவங்க குடும்பத்த தேடி வருவான், அந்த பயத்துலதான் அழிச்சாங்க, பாஸ்போர்ட் போனதால ஊர விட்டு வெளியேற முடியாம மாட்டிகிட்ட ஜனங்க பாடு வேற. அதனால கமுக்கம்னு வச்சா பட்டியல்ல பாதி வெளிய நிக்குது. ஒரு சொல் தூய தமிழா இருக்கறது மட்டும் போதாதுங்க, சொல்ல வந்த பொருள முழுசா பிடிக்கணும், ரெண்டும் சேர்ந்தாதான் அது கலைச்சொல்.

நான் சொல்றது கைமாறாக் கருவி. காகிதம், கொடி, சீல் எல்லாம் சேர்த்துச் சொல்லணும்னா கைமாறாப் பொருள். கை மாறினா ஆபத்துங்கறதுதான் இதுல எல்லாத்துக்கும் பொதுவான குணம், அத சொல்லே சொல்லிடுது, அகராதி தேவையில்ல. வாடாமல்லி, அழியாப் புகழ் மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்துலயும் இடிக்காது. ‘மாறா’ன்னா மாறாததுன்னுதானே அர்த்தம், மாறக் கூடாததுன்னு எப்படி வரும்னு ஒரு நண்பர் கேட்டார். சிவன் கோயில்ல சில இடத்துல மூலவர தீண்டாத் திருமேனின்னு சொல்றாங்களே, குருக்களே தொட மாட்டார், தொடக் கூடாதுங்கற விதிய அந்த ‘தீண்டா’ தாங்கி நிக்குது இல்லையா. அதேதான் இது. தூதரக உறவு பத்தின 1961 வியன்னா ஒப்பந்தம் 24ஆவது பிரிவுல எம்பஸி ஆவணங்கள் எப்பவும் எங்க இருந்தாலும் கை வைக்கக் கூடாதவைன்னு எழுதி இருக்கு, 45ஆவது பிரிவு போர் நடந்தாக் கூட எம்பஸி இருக்கற நாடு அந்தக் கட்டிடத்தையும் சாமானையும் காப்பாத்தணும்னு சொல்லுது. சட்டமே கைய வச்சுதான் யோசிக்குது, உணர்ச்சிய வச்சு இல்ல.

டிவில கேட்ட அந்த ஒரே வாக்கியத்துல இன்னொரு தப்பும் இருக்கு, ‘அப்புறப்படுத்தப்பட்டன’. ஆக்கிரமிப்பு கடைய அப்புறப்படுத்தினாங்கன்னா கடை அந்தப் பக்கம் போகுது, சாமான் முழுசா இருக்கும், லாரியில ஏத்திட்டுப் போவாங்க. அரைச்சுப் பொடி பண்ணினது அப்புறப்படுத்தறது ஆகுமா? அழிச்சாங்கன்னு ஒரே வார்த்தையில சொல்ல வேண்டியது. ‘தூதரக ஊழியர்கள் வெளியேற்றம்’னு தலைப்பு போடறாங்களே அது இதவிட மோசம், உளவு பார்த்தான்னு ஒரு நாடு ஆள விரட்டி அடிச்சாலும் வெளியேற்றம், உயிருக்கு பயந்து சொந்த நாடே பிளேன் அனுப்பி கூட்டிட்டு வந்தாலும் வெளியேற்றம், படிக்கறவன் எதுன்னு கண்டுபிடிப்பான்? கூட்டிட்டு வந்தா மீட்புன்னு போடுங்க. மொழிபெயர்க்கறவங்களுக்கு பக்கத்துக்கு இவ்வளவுன்னு சொற்பக் காசு, ராத்திரிக்குள்ள முடிக்கணும்னு நெருக்கடி, அது எனக்குத் தெரியும், நானும் அந்த வேலை பார்த்தவன்தான். ஆனா எழுதின வாக்கியத்த வீட்டுல ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்ட ஒரு நிமிஷம் போதும்.

நேத்து காலையில காபி குடிச்சுகிட்டே அப்பாகிட்ட மாத்தி சொல்லிப் பார்த்தேன். "எம்பஸிய காலி பண்றதுக்கு முன்னாடி கைமாறாக் கருவிகள எல்லாம் அழிச்சுட்டாங்க". கொஞ்ச நேரம் யோசிச்சவர், "எதால அழிச்சாங்க, சுத்தியலா நெருப்பா?"ன்னு கேட்டார்.