வீட்டில் சின்ன வேலை: கொழும்பில் எப்போது அனுமதி எடுக்க வேண்டும்?

"சின்ன வேலைதானே, இதுக்கெல்லாம் எதுக்கு பிளான்?" கொழும்பில் வீடு திருத்துகிற எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்போம். அனேகமாகச் சொல்கிறவர் மேசன் பாஸ்தான். அடுத்த கிழமை அவர் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வந்தால் அது உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

வேலை சின்னதா பெரிதா என்பதைச் சட்டம் காசை வைத்துப் பார்ப்பதில்லை. வீடு முழுக்க டைல்ஸ் மாற்ற இருபது இலட்சம் செலவழித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பின்பக்கம் நாலு கம்பி நட்டுத் தகரம் போட்டால் கேட்பார்கள்.

இதில் இரண்டு சட்டங்கள் சம்பந்தப்படுகின்றன. ஒன்று, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடத்தைத் தாண்டியும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மற்றது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். சட்டம் அதிகார சபையுடையது என்றாலும், சாதாரண வீட்டு வேலைக்கு நீங்கள் அதன் தலைமையகம் இருக்கும் பத்தரமுல்லைக்கு அலையத் தேவையில்லை. அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பதால், கொழும்பு மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் போகவேண்டிய இடம் மாநகர சபை இருக்கும் நகர மண்டபம்தான்.

1978ஆம் ஆண்டுச் சட்டம் 'அபிவிருத்தி வேலை' என்பதற்கு மிக அகலமான விளக்கம் கொடுக்கிறது. காணியைப் பிரிப்பது, கட்டுவது, திரும்பக் கட்டுவது, கட்டிடத்தின் பயன்பாட்டை மாற்றுவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதே விளக்கத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. வீட்டு வளவுக்குள், வீட்டில் குடியிருப்பதை ஒட்டி நிலத்தைப் பயன்படுத்துவது அபிவிருத்தி வேலையாகாது. ஆனால் அதற்காகச் செய்யும் கட்டிட வேலைக்குப் புதிய வரைபடம் கொடுக்கவேண்டி வந்தால் அந்த விலக்கு கிடைக்காது. பூமரம் வைக்கலாம், ஊஞ்சல் போடலாம். அந்த ஊஞ்சலுக்கு மேலே கூரை போட நினைத்தால் கதை மாறிவிடும்.

எந்த வேலைக்கு வரைபடம் வேண்டும் என்பதை 1915ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நேராகச் சொல்கிறது. கூரையோ வெளிச்சுவரோ பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரோ கட்டுவது, ஒரு அறை அல்லது கொட்டில் சேர்ப்பது, சுவருக்கும் கட்டிடத்துக்கும் இடையிலுள்ள வெளியைக் கூரையால் மூடுவது, மனிதர் வசிக்கக் கட்டாத ஒன்றை வசிப்பிடமாக்குவது எல்லாம் கட்டிட மாற்றம்தான். உள்ளே செய்யும் மாற்றமானாலும் வடிகாலையோ காற்றோட்டத்தையோ கட்டிடத்தின் உறுதியையோ தொட்டால் அதுவும் சேரும்.

இதை வைத்து நம் வீடுகளைப் பார்ப்போம். பெயின்ட் அடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தைத் திரும்பப் பூசுவது, டைல்ஸ், மின்வயர் மாற்றம், உக்கிப்போன கதவுக்கும் யன்னலுக்கும் அதே அளவில் புதிது போடுவது, உடைந்த கூரை ஓடுகளை மாற்றுவது எல்லாம் பராமரிப்பு வேலை. ஓட்டுக் கூரையை இறக்கிவிட்டு ஸ்லாப் போடுவது அப்படியல்ல. எதிர்காலத்தில் மேல்தட்டு கட்டலாம் என்று எண்ணித்தான் அனேகர் ஸ்லாப் போடுகிறார்கள். கீழே இருக்கும் பழைய சுவரும் அத்திவாரமும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா?

பாத்ரூம் வேலை பராமரிப்புக்கும் கட்டிட மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும் விஷயம். இருக்கிற இடத்திலேயே கொமட்டையும் குழாயையும் மாற்றினால் சரி. அறையின் மூலையில் புதிதாக ஒன்று கட்டிக் கழிவுக் குழாயை வேறு பக்கம் இழுத்தால் வடிகால் மாறுகிறது, அதற்கு அனுமதி வேண்டும். மாநகர சபையின் கழிவுக் குழாயோடு இணைக்கத் தெருவை வெட்டவேண்டி வந்தால் அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் அதிகமானோர் மாட்டிக்கொள்வது வீட்டின் பின்பக்கத்தில்தான். இரண்டு மாடி வரையான சாதாரண வீட்டுக்குப் பின்னால் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி அளவில், வானம் தெரிய வெற்றிடம் விடவேண்டும் என்பது பொதுவான விதி. காற்றும் வெளிச்சமும் வருவதற்காக வைத்தது. இரண்டு மூன்று பேர்ச்சஸ் காணியில் இருக்கிறவருக்கு அந்த ஏழரை அடி சும்மா கிடக்கும் ஒரு குசினியாகத்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தெரிந்தது. அஸ்பெஸ்டஸ் போட்டோம், பிறகு பக்கச் சுவர் எழுப்பினோம், பத்து வருடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான், மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த அறை இதிலே இல்லையே" என்றார்.

கராஜை அனெக்ஸ் ஆக்கி வாடகைக்கு விடுவது கொழும்பில் சாதாரணம். ஆனால் மேலே சொன்ன 'வசிப்பிடமாக்குவது' என்பதற்குள் அது நேராக வந்துவிடுகிறது. முன்னறையைக் கடையாகவோ சலூனாகவோ மாற்றினால், ஒரு கல்லைக்கூட அசைக்காவிட்டாலும், அது பயன்பாட்டு மாற்றம். அதற்கும் அனுமதி வேண்டும். தெருவைப் பார்த்த மதிலும் அப்படியே. எதிர்காலத்தில் வீதி அகலிக்கப்படும்போது எது வரை போகும் என்பதைக் காட்டும் வீதிக்கோடு உங்கள் வளவுக்குள்ளே ஓடக்கூடும். அதைப் பார்க்காமல் மதில் கட்டினால் பிறகு உடைக்க வேண்டி வரலாம்.

சில இடங்களுக்கு இன்னொரு திணைக்களமும் உண்டு. கடலின் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பவர்கள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களுக்கு காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் தேவைப்படலாம்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்குத் தலைவலி வேறு விதம். வெளிச்சுவர், தூண், கூரை, குழாய் போகும் பாதை எல்லாம் பொது உடைமை. உங்கள் பல்கனி என்றாலும் அதன் வெளித்தோற்றத்தை மாற்ற முதலில் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டும்.

சரி, அனுமதி வேண்டும் என்றால் என்ன செய்வது? முதலில் வீட்டின் பழைய அனுமதி வரைபடத்தைத் தேடுங்கள். வீட்டில் இல்லாவிட்டால் நகர மண்டபத்தில் பிரதி கேட்டுப் பார்க்கலாம். அடுத்தது வீதிக்கோட்டுச் சான்றிதழ். பலர் வரைபடத்துக்குக் காசு கொடுத்த பிறகுதான் இதை எடுக்கிறார்கள். கோடு குறுக்கே வந்தால் வரைந்தது முழுக்க வீண். அப்புறம் தகுதியுள்ள ஒருவர் வரைந்து கையெழுத்திட்ட வரைபடம், உறுதிப் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். காணி பங்குதாரர்களோடு பிரிபடாமல் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதத்தையும் தயாராக வைத்திருங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், பிறகு திட்டமிடல் குழு முடிவெடுக்கும். கிடைக்கும் அனுமதிப்பத்திரம் பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான். வேலை இழுபட்டால் முடிவதற்கு முன்பே நீடிப்புக் கேட்க வேண்டும்.

இந்த அலுவல்களைத் தமிழிலேயே செய்யலாம். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தில் மட்டும் வந்த நோட்டீஸைப் புரியாமல் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நாட்களைக் கடத்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தமிழில் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் பதில் வரும் வரை வேலையை நிறுத்தி வையுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28அ பிரிவின்கீழ் அதிகாரிகள் வேலையை நிறுத்தச் சொல்லலாம், முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிக்கும் கட்டளை கோரலாம். அங்கே போனபின் முதலில் கேட்கப்படும் கேள்வி, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். நோட்டீஸ்கள் அனேகமாகப் பக்கத்து வீட்டு முறைப்பாட்டில் தொடங்குகின்றன, ஆகவே கம்பி இறக்க முதல் அயலவரோடு ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

புதிய கட்டிடம் என்றால் வேலை முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 1915ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கிடைக்கும் வரை அங்கே காவல்காரர் மட்டும்தான் தங்கலாம். வீட்டை விற்கும்போதும் கடன் கேட்கும்போதும் இந்தக் கடதாசியைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏற்கெனவே கட்டியாயிற்றா? பிந்திய அனுமதிக்கு, கூடுதல் கட்டணம் கட்டி, விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டியது விதிகளுக்குள் அடங்கினால் மட்டுமே அது கிடைக்கும். எங்கள் அறை அடங்கவில்லை. சுவரை உடைத்து அஸ்பெஸ்டஸைக் கழற்றிய பிறகுதான் கடன் கோவை நகர்ந்தது. அடுப்பு இப்போது பழையபடி உள்ளே.