ஃபெதர்ஸ்டன்ஹாவில் இறகு இல்லை

ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் 'திரு. இறகுக்கல்' மறுபடியும் வந்துவிட்டார். போதாததற்கு, இறகுபோல லேசான கல் என்று அடிக்குறிப்பு வேறு. கல் எந்த ஊரில் லேசாக இருக்கிறது?

மூலத்தில் இருப்பது ஃபெதர்ஸ்டன்ஹா என்ற, பிரிட்டனிலேயே அரிதான குடும்பப்பெயர். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் சவுத் டைன் ஆற்றோரம் உள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. ஃபெதர்ஸ்டோன் கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்' என்றால் கல். 'ஹால்ஹ்' என்றால் நிலத்தின் மூலை. வடக்கே அது ஆற்றோரச் சமநிலத்தைக் குறிக்கும், நம் காவிரிக்கரையில் படுகை என்பார்களே, அது.

சிக்கல் 'ஃபெதர்' தான். அந்த மொழியில் அது இறகு மட்டுமல்ல, எண்ணும்கூட. தனியாக நிற்கும்போது 'ஃபேயோவர்' எனப்படும் நான்கு, இன்னொரு சொல்லோடு சேரும்போது உரு மாறும். நம் நான்கு, நாற்காலியில் 'நாற்' ஆகவில்லையா? ஊர்ப்பெயர் அறிஞர்கள் சொல்வது இந்த நான்கைத்தான்: மூன்று கல்லை நிறுத்தி, நான்காவதை மேலே மூடியாகப் போட்ட பழங்கால அமைப்பு. கிட்டத்தட்ட நம் கல்திட்டை. ஆக, பெயரின் பொருள் 'கல்திட்டைப் படுகை'. அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைத்தால் இறகுதான் மிஞ்சும்.

ஆறுமுகத்தை ஓர் ஆங்கிலேயர் 'நதிமுகம்' என்று பெயர்த்தால் நாம் சும்மா இருப்போமா? இதுவும் அதே பிழை, எண்ணைக் கோட்டைவிட்டது. தூய தமிழில் எனக்கும் ஆசைதான். ஆனால் தூய்மை என்பது கலைச்சொல்லுக்கு. அடுத்தவர் பெயருக்கு அல்ல. பொருளைக் குறிப்பில் சொல்லலாம், ஆளை ஏன் மாற்ற வேண்டும்?

அப்புறம், எழுத்துக்கூட்டி 'ஃபெதர்ஸ்டோன்ஹாக்' என்று எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெயருள்ள குடும்பங்களில் பல இதை ஃபேன்ஷா என்றே சொல்கின்றன. சோழநாடு சோணாடு ஆனதுபோல மரூஉ. என்ன, எழுத்து மட்டும் தேயாமல் நின்றுவிட்டது. கதைமாந்தர் தன்னை ஃபேன்ஷா என்று அழைத்துக்கொண்டால் தமிழிலும் அவர் ஃபேன்ஷாதான்.

அந்தக் கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஹால்ட்விசில். அதன் 'விசில்' ஊதுகிற விசில் அல்ல, நீரோடைகள் சேரும் இடம். பவானிக்காரர்கள் கூடுதுறை என்பார்கள். யாராவது அதை 'நில்-ஊதல்' ஆக்குவதற்குள் சொல்லிவைக்கிறேன்.