மெயின்டெய்னர்: தமிழில் பேணுநர்

நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பியதில் எது உள்ளே போகலாம், எது கூடாது, அடுத்த பதிப்பு எப்போது என்று முடிவெடுப்பவர் மெயின்டெய்னர். மொரிஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கிரியோலில் பேசிக்கொண்டே ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிறார்கள். தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்டால், ‘ஓனர்தானே?’ என்பார்கள். இல்லை. திறமூல உரிமம் இருக்கிறவரை அந்த நிரலை எவரும் நகலெடுத்துத் தனிக்கிளையாக வளர்க்கலாம். தடுக்கும் உரிமை மெயின்டெய்னருக்குக் கிடையாது.

சொல்லின் வேர் லத்தீன்: ‘மானு’ என்றால் கையால், ‘தெனேரே’ என்றால் பிடித்திருத்தல். பிரெஞ்சில் ‘மேந்த்னீர்’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. பள்ளியில் பிரெஞ்சு படித்த மொரிஷியஸ்காரருக்கு ‘மேன்’ கை, ‘த்னீர்’ பிடித்தல் என்பது பார்த்தவுடனே புரியும். ‘இப்போது’ என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் ‘மேந்த்னான்’கூட அதே கைப்பிடிதான்.

தமிழில் பலரும் எழுதுவது ‘பராமரிப்பாளர்’. பிழையில்லை. அதன் வடமொழி மூலத்துக்கும் தொடுதல், கையால் பற்றுதல் என்ற பொருள் உண்டு என்பது வியப்பு. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் லிஃப்ட், ஜெனரேட்டர் பழுதுபார்ப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். என் தேர்வு ‘பேணுநர்’. பேணுதல் என்றால் கவனித்துக் காத்தல். ‘தற்கொண்டாற் பேணி’ என்று குறளிலேயே (56) இருக்கிறது.

வேலையைப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் திறமூல இயங்குதளத்தில் ஒவ்வொரு மென்பொருள் பொதியின் விவரக் கோப்பிலும் பேணுநரின் பெயருக்கென ஒரு வரி உண்டு. அவர் விலகினால் பொதி ‘அநாதை’ என்று அறிவிக்கப்படும். எடுத்துக்கொள்பவர் அதைத் ‘தத்து’ எடுக்கிறார். இவை அவர்களே வைத்திருக்கும் பெயர்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியோ ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதிவிலும், எழுதியவர் பெயரைத் தனியாகவும் பதிந்தவர் பெயரைத் தனியாகவும் வைக்கிறது. மின்னஞ்சலில் வந்த ஒட்டு (திருத்தத் துண்டு) ஒன்றைப் பேணுநர் சேர்த்தால், எழுதியவரின் பெயர் அழியாது. பதிந்தவர் இடத்தில் மட்டும் பேணுநர் பெயர் வரும்.

பேணும் கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் கருவி சாட்சி. ஓர் அநாமதேயர் ஈராண்டுக்கு மேல் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்று, இணைப் பேணுநரானார். 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிவிடும் கள்ளவாசல் ஒன்றை நுழைத்தார். அதை இயக்கிவைக்கும் துண்டு, நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய கோப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தின் வரலாற்றை வரிவரியாகப் படித்தவருக்கும் அது அகப்பட்டிராது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்த ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான், அந்த ஆண்டு மார்ச்சில் அதைப் பிடித்தார்.

எழுதும்போது பேணுநர், இணைப் பேணுநர், பேணுநர் குழு, பொதி பேணுநர் என விரித்துக்கொள்ளலாம். ‘பேணுனர்’ வேண்டாம், ஓட்டுநர், பெறுநர், அனுப்புநர் போல ‘நர்’ விகுதிதான். இலங்கைத் தமிழருக்குப் ‘பேணி’ என்றால் தகரக் குவளை. அவர்கள் கொஞ்சம் சிரித்துக்கொள்ளட்டும்.