பரப்புரை அல்ல, மறையுரை

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த குருவான புனித யோசேப் வாஸின் திருநாள் ஜனவரியில் வந்தால் மலையகத்துக் கோயில்களில் துண்டுப்பிரசுரம் ஒன்று கைக்குக் கைமாறும். ‘கண்டி இராச்சியத்தில் சமயப் பரப்புரை மேற்கொண்டார்’ என்ற வாக்கியம் அதில் இல்லாமல் இராது. முன்பெல்லாம் அந்த இடத்தில் ‘பிரசாரம்’ இருந்தது. தமிழ்ப் பற்றுள்ள யாரோ திருத்தியிருக்கிறார்கள். வடசொல் போய்விட்டது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறப்பைப் பார்த்தால் எந்தச் சொல்லிலும் குற்றமில்லை. ‘பிரசாரம்’ நடமாட்டத்தைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. ஐரோப்பியர் சொல்லும் ‘புரொப்பகண்டா’வின் இலத்தீன் மூலத்துக்குப் பதியம் போடுதல் என்று பொருள். விசுவாசத்தைப் பரப்புவதற்காக 1622 இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் நிறுவிய சபையின் பெயரில் அது ஏறியது. பிறகு அரசியல்வாதிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். தவறணையில் தேயிலைக் கன்று வளர்த்தவர்களுக்குப் பதியத்தின் பொறுமை தெரியும். தேர்தல் மேடைக்கு அந்தப் பொறுமை ஏது?

நம் ஊரில் ‘பரப்புரை’ என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி, லயத்துச் சுவரில் ஒட்டிய முகங்கள், 7 பேர்ச்சஸ் காணி பற்றிய வாக்குறுதி. பேசுகிறவர் பேசிவிட்டுப் போவார். கேட்டவர் வாக்களிக்க வேண்டும். பத்திரிகைகள் ‘தேர்தல் பரப்புரை’ என்று நாள்தோறும் எழுதி அந்தச் சொல்லை அதற்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டன. அதைக் கொண்டுவந்து ஒரு புனிதரின் தலையில் வைப்பது எந்த வகை நியாயம்?

யோசேப் வாஸ் செய்ததைப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர் தமிழும் சிங்களமும் கற்றார். 1692 இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697 இல் அங்கே பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கைவிட்டபோது, தம் உடன்பிறந்தார் மகனான யோசேப் கர்வாலியு அடிகளாரோடு சேர்ந்து அவர்களுக்கு உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். இதன் பெயர் பரப்புரையா?

மலையகம் தன் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துக் கொண்டாடும் அந்தோனியாரும் பெரிய பிரசங்கிதான். 1231 இல் அவர் இத்தாலியின் பாதுவா நகரில் தவக்காலம் முழுக்கப் பேசினார். அவ்வாண்டே அவர் வேண்டுகோளின்படி, கடனை அடைக்க வழியற்றவர்களுக்குச் சாதகமாக நகரச் சட்டம் மாறியது. வார வட்டிக்குக் கடன் வாங்கிய தோட்டத்துப் பெண்களிடம் இந்த ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள், பூசையில் குரு ஆற்றும் எந்த மறையுரையும் புதிதாகிவிடும். பிரெஞ்சுக் குருவான புனித வின்சென்ட் தே பவுலின் கதையும் அப்படித்தான். 1617 இல் பிரான்சின் ஷத்தியோனில், வீடு முழுக்க நோயில் கிடந்த ஒரு குடும்பத்தைப் பற்றி அவர் பூசையில் பேச, அன்றே ஊர் திரண்டு உணவு கொண்டுபோனது. ஒரே நாளில் குவிவது கெட்டுப்போகும், நாளை ஒன்றும் இராது என்று கண்டு, முறை வைத்து உதவும் பெண்கள் குழுவை அமைத்தார். உலர் உணவுப் பொதியை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு தொண்டு முடிந்தது என்கிற நம் விழாக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மாற்றாகச் சிலர் ‘நற்செய்தி அறிவித்தல்’ என்கிறார்கள். பொருள் சரி. ஆனால் இலங்கையில் ‘அறிவித்தல்’ என்றால் கண் முதலில் தேடுவது மரண அறிவித்தலை. ‘மறைபரப்பு’விலும் அதே ‘பரப்பு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘போதகர்’ என்றால் இங்கே சீர்திருத்தச் சபைப் பாஸ்டர் என்று ஆகிவிட்டது. பழைய ‘பிரசங்கம்’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் ‘அதிகப்பிரசங்கி’ அதன் மானத்தை வாங்கிவிட்டான்.

மிஞ்சுவது ‘மறையுரை’. பூசைக்குள் மட்டும் அடைத்து வைத்திருக்கிறோம், வெளியே கொண்டுவந்தால் போதும். உரைத்தல் என்பது சொல்லுதல், விளக்குதல். பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பதும் உரைத்தல்தான். சொன்னவன் வாழ்வில் தேய்த்துப் பார்க்கப்படுகிற சொல் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘கண்டியில் மறையுரைத்தார்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது? அதுவும் கனமாகத் தோன்றினால் ‘நற்செய்தி சொன்னார்’ என்று எழுதுங்கள்.

தோட்டங்களில் குரு வராத ஞாயிறுகளில் செபம் நடத்தும் உபதேசியாரை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்கு யாராவது ‘மறைப்பரப்புரையாளர்’ என்று பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தால், ஆணி அடிக்க நான் சுத்தியல் தரமாட்டேன்.