சின்ன மிர்ரர்லெஸ் கேமராவை மாற்றலாமா? சென்சாருக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம்

சோனி ஆல்ஃபா 6000 மாதிரி ஒரு மிர்ரர்லெஸ் கேமராவை (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) பல வருஷமாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மாற்றிவிடலாமா? 2014-ல் வந்த கேமரா அது. 24 மெகாபிக்சல், கைக்குள் அடங்கும் அளவு, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போகும்போது கூடவே எடுத்துப் போகலாம், பாரமாகவே தெரியாது. அதே வரிசையில் 2023-ல் வந்த 6700-ன் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. அவ்வளவு பணத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை விளம்பரத்தில் தேடுவதைவிட, ஷட்டரை அழுத்தும் அந்த நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

எல்லோரும் முதலில் சொல்லும் குறை நாய்ஸ். திருப்பாதிரிப்புலியூரில் இரவு சாமி புறப்பாட்டைப் படமெடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் இருட்டான பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக இறைந்து கிடக்கும். ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் பழசாகிவிட்டது, அதான் இப்படி என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் புள்ளிகளில் பெரும்பங்கு கேமரா உண்டாக்கியதே இல்லை, வெளிச்சத்திலேயே இருப்பது.

ஒளி ஃபோட்டான் என்ற துகள்களாக வருகிறது, அதுவும் வரிசை கட்டி சீராக வருவதில்லை. ஓடு பதித்த மொட்டைமாடியில் தூறல் விழ ஆரம்பிக்கும் முதல் நிமிஷத்தைக் கவனித்திருப்பீர்கள்: ஒரு ஓட்டில் ஐந்து சொட்டு, பக்கத்து ஓட்டில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இருக்காது, அடித்துப் பெய்த பிறகு எல்லா ஓடும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஓர் ஓடுதான். ஒரு பிக்சலில் சராசரியாக எத்தனை ஃபோட்டான் பதிவாகிறதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 பதிவானால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. 100 மட்டும் பதிவானால் ஏற்ற இறக்கம் 10, அது 10 சதவீதம், பளிச்சென்று தெரியும். உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், தெருவிளக்கின் கீழே பத்து இருபது லக்ஸ் இருந்தால் பெரிய விஷயம். படத்தைப் பிரகாசமாக்க கேமராவில் ஏற்றி இறக்கும் எண்தான் ஐஎஸ்ஓ, அதை ஏற்றுவதால் வெளிச்சம் ஒரு துளிகூட அதிகமாவதில்லை. கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, ஏற்ற இறக்கமும் கூடவே பெருகிவிடுகிறது.

சரி, புது சென்சார் இன்னும் நிறைய ஃபோட்டானைப் பிடிக்காதா? பிடிக்கும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெரும்பாலான கேமராக்களில் சென்சாருக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக ஒரு வண்ண வடிகட்டி இருக்கிறது. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது, 6000-லும் அதுதான், 6700-லும் அதுதான். வரும் ஒளியில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துபோகிறது. அதைத் தாண்டி வருவதில் ஏறக்குறைய பாதியைப் பழைய சென்சாரே எலக்ட்ரானாக மாற்றிவிடுகிறது. ஆக, ஒன்றையும் தவறவிடாத ஒரு சென்சாரை யாராவது செய்தால்கூட கிடைப்பது இரண்டு மடங்கு, கேமராக்காரர்கள் கணக்கில் ஒரே ஒரு ஸ்டாப். 6700-ல் வயரிங்கை பிக்சலுக்குப் பின்னால் தள்ளி, ஒளி தடையில்லாமல் விழும்படி செய்திருக்கிறார்கள். போனில் இருக்கும் குட்டி பிக்சலுக்கு இது பெரிய வரப்பிரசாதம், இவ்வளவு பெரிய பிக்சலுக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். 24 மெகாபிக்சல் 26 ஆனதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அகலவாக்கில் 6000 புள்ளி 6192 ஆகியிருக்கிறது.

வெளிச்சத்தை உண்மையிலேயே அதிகமாக உள்ளே விடுவது லென்ஸ்தான். கேமராவோடு வரும் 16-50 கிட் லென்ஸை 50 மில்லிமீட்டரில் வைத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதாக ஆக, லென்ஸின் திறப்பு பெரிது). அதே 50 மில்லிமீட்டரில் எஃப் 1.8 லென்ஸைப் போட்டால், 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் 640 போதும். ஒன்பது வருஷ சென்சார் முன்னேற்றத்தால் தர முடியாததை ஒரு லென்ஸ் தருகிறது, அதுவும் புது பாடியின் விலையில் சிறு பங்குக்கு. ஃபோகஸ் ஆழம் குறையும், மூக்கு தெளிவாக இருக்கும்போது காது மங்கும், அதைத் தெரிந்தே வாங்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமுக்குப் போகிறவர்கள் செய்வதும் இதே வேலையைத்தான்: 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரின் பரப்பு, 6000, 6700 இரண்டிலும் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரைப் போல 2.3 மடங்குக்குச் சற்று அதிகம், அதே எஃப் எண்ணில் அவ்வளவு மடங்கு ஒளி சேரும். ஆனால் லென்ஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எடையும் ஏறும். சின்ன கேமரா வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு இது என் பார்வையில் நல்ல வழி இல்லை.

அப்படியானால் பாடியை மாற்றவே கூடாதா? அதற்குப் பதில் நீங்கள் ஒதுக்கிப்போட்ட படங்களில் இருக்கிறது. சரியாக வராதவற்றை அழித்துவிடாமல் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுக்க, சுவரும் விளக்கும் உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கும் கடை போர்டு தெளிவாக இருந்து, ஓடுகிற குழந்தை மட்டும் மங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. குழந்தையின் முகம் மங்கி, தோளோ பின்னால் நிற்பவரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் புது பாடி உண்மையாகவே பலன் தரும். ஏன் என்று சொல்கிறேன். சென்சாரில் ஆங்காங்கே சில பிக்சல்கள் லென்ஸின் இடது பாதி வழியாக வரும் ஒளியை மட்டும் பார்க்கும், சில வலது பாதியை மட்டும். ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டும் காணும் உருவம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும், இல்லாவிட்டால் விலகி நிற்கும். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கேமராவுக்கு உடனே தெரிந்துவிடும், முன்னும் பின்னும் ஆட்டித் தேட வேண்டியதில்லை. இதற்கு ஃபேஸ் டிடெக்‌ஷன் என்று பெயர். 6000-லேயே இப்படி 179 இடங்கள் உண்டு. தூரத்தை அளப்பதில் பழைய கேமரா அப்படியொன்றும் மோசமில்லை. எதன் தூரத்தை அளப்பது என்று முடிவெடுப்பதில்தான் அது தடுமாறும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் படகு வந்து கூடை கைமாறும்போது சட்டகத்துக்குள் பத்து முகம், நாலு கயிறு, பறந்து வரும் காக்கை எல்லாம் இருக்கும், பழைய கேமரா எது கிட்டே இருக்கிறதோ, எது பளிச்சென்று இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். 2019-ல் அதே வரிசையில் வந்த 6400 கேமராவிலிருந்து கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் தொடரும் வசதி நன்றாக வேலை செய்கிறது, 6700-ல் பறவை, பூச்சி போன்றவற்றையும் அடையாளம் காண்பதற்கென்று தனி பிராசசர் சிப் வைத்திருக்கிறார்கள். ஊசுட்டேரியில் கோரைப்புல்லுக்கு நடுவிலிருந்து கொக்கு எழும்பும்போது பழையது புல்லில் நின்றுவிடும் இடத்தில், புதியது கொக்கின் கண்ணோடு போகும். பறவை, விளையாட்டு, ஓடியாடும் பிள்ளைகள், இவைதான் உங்கள் படங்கள் என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

கை ஆடும் பிரச்சினைக்கு பாடிக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உதவும், 6000-ல் அது கிடையாது. கைரோ உணரிகள் கையின் ஆட்டத்தை அளந்து சொல்ல, காந்தச் சுருள்கள் சென்சாரை அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி நகர்த்தும். அசையாத தெருவுக்கும் கட்டடத்துக்கும் அருமையாக இருக்கும், ஓடுகிற குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு ஷட்டர் வேகத்தை ஏற்ற வேண்டும், அதற்கான வெளிச்சத்தைத் தருவது முன்னே சொன்ன எஃப் 1.8 மாதிரி லென்ஸ்தான். வீடியோ எடுப்பவர்கள் பாடு வேறு, 6000-ல் 4கே இல்லவே இல்லை.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அந்த ஈரத்தில் லென்ஸ் கண்ணாடிக்குள் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி மேல் இருக்கும் மெல்லிய பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. படம் கொஞ்சம் வெளுத்து, கான்ட்ராஸ்ட் குறைந்து தெரிந்தால் பாடியைக் குறை சொல்வதற்கு முன்னால் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட்டோ, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோ போதும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி மேல் நீர் கோத்துக்கொள்ளும், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகும் மனசு கேட்கவில்லையென்றால் புது பாடியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் லென்ஸையே இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில், ஒரே எஃப் எண்ணில், ரா ஃபைலாக (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுங்கள். ஜேபெக் வேண்டாம், அதில் கேமராவே நாய்ஸைத் துடைத்துவிட்டுத்தான் தருகிறது, அதில் தெரிவது சென்சாரின் வித்தியாசம் இல்லை. பிறகு இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் திரையில், வழக்கமாக உட்காரும் தூரத்தில் வைத்துப் பாருங்கள், எது எந்த கேமரா என்று வீட்டில் வேறு யாரையாவது மறைத்துவைத்துக் காட்டச் சொல்லி.